லேண்ட்லைன் கேட்டால் இன்டர்நெட் போன்தான் வருகிறது... கரன்ட் போனால் என்ன செய்வீர்கள்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பெல்ட்டில் இன்று புதிதாக ஒரு லேண்ட்லைன் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வருவது ஃபைபர் கனெக்‌ஷன்தான். சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, அதிலுள்ள போன் போர்ட்டில் பழைய ரிசீவரையே சொருகிக் கொடுத்துவிடுவார்கள். நம்பர் 044-ல் ஆரம்பிக்கும், டயல் டோன் கேட்கும், எல்லாம் அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே பேச்சு டேட்டாவாக மாறி, இன்டர்நெட் தொழில்நுட்பத்தில் போகிறது. பேர் லேண்ட்லைன், வேலை இன்டர்நெட் போன்.

டிராய் கணக்கு சொல்வதும் இதைத்தான். 2006 வாக்கில் நாட்டில் சுமார் 5 கோடி லேண்ட்லைன்கள் இருந்தன. 2020-ல் அது 2 கோடி அளவுக்குச் சரிந்தது. அப்புறம் மறுபடி ஏறி, 2023-ல் 3 கோடியைத் தாண்டியது. செம்புக் கம்பிக்கு மவுசு திரும்பியதால் அல்ல. பிராட்பேண்டோடு போனும் சேர்ந்து வந்ததால். 2022 ஆகஸ்டில் ஜியோ சுமார் 73.5 லட்சம் இணைப்புகளோடு பிஎஸ்என்எல்லை முந்தி முதலிடத்துக்கு வந்தது. செம்பு நெட்வொர்க்கே இல்லாத கம்பெனி அது!

செலவில் போட்டியே இல்லை

சேரப்பணஞ்சேரியில் 20 பேர் வேலை பார்க்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். செக்யூரிட்டி கேட்டில் ஒரு போன், ஸ்டோர்ஸில் ஒன்று, அக்கவுன்ட்ஸில் ஒன்று, முதலாளி ரூமில் ஒன்று. பழைய முறையில் ஒவ்வொரு லைனுக்கும் தனி வாடகை, பேசப் பேச பல்ஸ் கணக்கு, உள்ளுக்குள் பேச ஒரு இபிஏபிஎக்ஸ் பெட்டி, அது ரிப்பேரானால் ஆள் தேடும் வேலை.

இன்டர்நெட் போனில் இந்தக் கணக்கு தலைகீழ். 2020 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் 399 ரூபாய்க்கு, அதாவது ஜிஎஸ்டி சேர்த்து சுமார் 471 ரூபாய்க்கு, 30 எம்பிபிஎஸ் நெட்டும் அன்லிமிடெட் காலும் கொடுத்தபோதே, தனியாக ‘போன் பில்’ என்ற ஒன்றுக்கு அர்த்தம் போய்விட்டது. ஒரு கால் தெளிவாகக் கேட்க 100 கேபிபிஎஸ் இருந்தாலே தாராளம். ஆனால் ஒன்று, வீட்டு பிளானில் ஒரு நம்பர்தான். ஒரே நேரத்தில் நாலு பேர் வெளியே பேச வேண்டுமென்றால் பிசினஸ் பிளானோ, ‘சிப் ட்ரங்க்’ எனப்படும் இணைப்போ வேண்டும். பெரிய பிளான்ட்டுகள் வாங்கிய பிஆர்ஐ லைனில் ஒரே நேரத்தில் 30 கால் பேசலாம். ஆனால் மொத்தத்தையும் வாங்க வேண்டும். சிப் ட்ரங்க்கில் தேவைக்கேற்பச் சேனலைக் கூட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு மலிவான விஷயம் ஏன் இவ்வளவு லேட்டாக வந்தது? 2002 ஏப்ரலிலேயே இந்தியாவில் இன்டர்நெட் போனுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதிலிருந்து உள்ளூர் லேண்ட்லைனுக்கோ மொபைலுக்கோ பேசக் கூடாது என்றார்கள். அந்தத் தடை விலகி, பிஎஸ்என்எல் ‘விங்ஸ்’ என்ற ஆப் சேவையை ஆண்டுக்கு 1,099 ரூபாய் என்று அறிவித்தது 2018 ஜூலையில். 16 வருஷம்!

வசதிகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். ஆபீஸ் நம்பரை ஆப் வழியாக மொபைலில் எடுக்கலாம், ஒரே கால் நாலு இடத்தில் அடிக்கும். தகர ஷெட்டுக்குள் மொபைல் சிக்னல் தேடி அலைகிறவர்களுக்கு வைஃபையில் வரும் கால் பெரிய நிம்மதி. ஜப்பானிலோ கொரியாவிலோ இருக்கும் தலைமை அலுவலகத்தோடு பேச யாரும் இப்போது ஐஎஸ்டி போடுவதில்லை. வாட்ஸ்அப்பில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதே வாட்ஸ்அப்பில் 108-ஐ அழைக்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பில்லில் இல்லாத ஒரு வசதி

செம்பு லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. அங்குள்ள பேட்டரியிலிருந்து 48 வோல்ட், அதே கம்பி வழியாக. ஏரியா முழுக்க கரன்ட் போனாலும் சாதாரண ரிசீவரில் டயல் டோன் கேட்டது அதனால்தான். ஃபைபர் வெறும் கண்ணாடி இழை. அது ஒளியைக் கடத்தும், கரன்ட்டைக் கடத்தாது. சுவரில் மாட்டிய பெட்டிக்கு பவர் போன அந்த நொடியே போனும் செத்துவிடும்.

அதற்காக பழைய லைனுக்குக் கோயில் கட்டவும் வேண்டாம். மழை வந்தால் கரகரப்பு, பள்ளம் தோண்டினால் வாரக்கணக்கில் ‘டெட்’ என்று அது படுத்திய பாடும் கொஞ்சமல்ல. ஆனால் 2016 டிசம்பர் 12 வர்தா புயலை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், மின்சாரமும் மொபைல் சிக்னலும் சேர்ந்தே போகும் நாள் எப்படி இருக்கும் என்று. பிரஸ்ஸும் பாய்லரும் பெயின்ட் பூத்தும் ஓடும் இடத்தில், கரன்ட் போன ராத்திரி ஷிஃப்டில் விபத்து நடந்தால் கேட்டில் இருக்கும் போன் வேலை செய்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி.

பிரிட்டன் இந்தக் கேள்வியில் தடுக்கி நின்றது. பழைய போன் நெட்வொர்க்கை 2025 டிசம்பரில் மூடுவதாக இருந்தவர்கள், முதியவர்களின் வீட்டு அவசர அலாரம்கள் வேலை செய்யாமல் போகும் என்ற கவலையால் 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிவைத்தார்கள். இன்டர்நெட் போனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, கரன்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்ய கம்பெனியே இலவச ஏற்பாடு தர வேண்டும் என்கிறது அங்குள்ள ஆஃப்காம். இங்கே விளம்பரத்தில் எம்பிபிஎஸ் பெரிதாக இருக்கும், ஓடிடி பட்டியல் இருக்கும். கரன்ட் போனால் போன் வராது என்ற வரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தொழிற்சாலைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் ஏரியாவில் இதைக் கட்டாயமாகச் சொல்லச் சொல்வதற்கு டிராய் இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அதுவரை மாறுகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் மினி யுபிஎஸ், பெட்டியைச் சில மணி நேரம் ஓட்டும். அது மட்டும் போதாது. ஃபைபரின் மறுமுனையில் ஆபரேட்டரின் மெஷினுக்கு எத்தனை மணி நேரம் பேக்கப் இருக்கிறது என்று கனெக்‌ஷன் கொடுக்க வருபவரிடமே கேளுங்கள். லெட்டர்ஹெட்டில் அச்சடித்த பழைய நம்பரைப் பற்றியும் அப்போதே பேசிவிடுவது நல்லது. மொபைலுக்கு 2011-லேயே நாடு முழுக்க வந்த நம்பர் போர்ட்டபிலிட்டி லேண்ட்லைனுக்கு வரவில்லை. கம்பெனி மாறினால் நம்பரும் போய்விடும். பிஎஸ்என்எல் செம்பிலிருந்து பிஎஸ்என்எல் ஃபைபருக்கே மாறுகிறவர்கள் மட்டும் பழைய நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.