வீடு வாங்கும் ஊருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?

சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை வாடகை வரும் வீடாக்க நினைப்பவர்கள் இப்போது சொந்த ஊரில் மட்டும் இடம் பார்ப்பதில்லை. சென்னையில் வேலை பார்ப்பவர் ஓசூரில் ஃபிளாட் வாங்குகிறார். பெங்களூரு விலை கட்டுப்படியாகாதவரும் அங்கேதான் வந்து சேர்கிறார். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பல பத்தாண்டுகளாக நிற்கும் ஆலைகள். 2019 முதல் மாநகராட்சி. சுற்றுவட்டாரத்தில் மின்னணு, மின்வாகன ஆலைகள். வேலைக்கு ஆள் வரும் ஊரில் குடியிருக்கவும் ஆள் வரும் என்ற கணக்கு சரியே. ஆனால் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் நீட்டிப் போட்டுப் பார்ப்போம். 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 15,000 என்றால் ஆண்டுக்கு 1.80 லட்சம், அதாவது 3.6 விழுக்காடு. ஆள் மாறும்போது இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 30,000 போயிற்று. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, மாதம் 2,000 பராமரிப்பு, சொத்து வரி, வெள்ளையடிப்பு எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஒரு லட்சத்தை ஒட்டித்தான். வங்கிக் கடனில் வாங்கியவர் கட்டும் வட்டியோ இதைப்போல மூன்று நான்கு மடங்கு. இந்த நிலையில் அவரைக் காப்பாற்றுவது ஒரே ஆள் நான்கைந்து ஆண்டு தொடர்ந்து குடியிருப்பதுதான். ஆள் நிலைத்து இருப்பதோ தண்ணீர், சாக்கடை, பேருந்து, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றில் எதையும் தனி ஒருவரால் வாங்கிவிட முடியாது.

பழைய மகாபலிபுரம் சாலை இதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி. கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் முதலில் வந்தன. குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் பின்னால் வரட்டும் என்று விட்டுவிட்டோம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அந்தச் சாலையின் குடியிருப்புகள் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தன; சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஓசூருக்கு 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பெரும் துணை. ஆனால் பக்கத்திலேயே கெலவரப்பள்ளி அணையில், பெங்களூருப் பக்கமிருந்து வரும் கழிவு கலந்து தென்பெண்ணை நுரை பொங்கி நிற்கிறது. அங்கே வீடு வாங்குபவருக்கு அந்த நுரையைப் பற்றிப் பேசும் கடமை உண்டு. தன் முதலுக்காகவாவது பேசியாக வேண்டும்.

பூட்டிப் போடுவதையும் சொல்லியாக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. மறு ஆண்டுக்கு அரசு நிபுணர் குழு கணித்த நகர வீட்டுப் பற்றாக்குறையோ ஏறத்தாழ 1.88 கோடி. விலை ஏறும்வரை பூட்டு, ஏறியதும் விற்பனை என்று வாங்குபவர், அந்த ஊரில் பிழைக்க வந்தவரின் வாடகையை ஏற்றிவிடுகிறார்.

எந்தத் தொழில் ஊரின் லைன் வீட்டு வரிசையிலும் நுழைந்து பாருங்கள். பத்து வாசல், கோடியில் இரண்டு கழிப்பறை. காலையில் மோட்டார் ஓடும் நேரத்துக்குள் குடம் நிறைய வேண்டும். ஒவ்வொரு கதவின் மேலும் ஒரு சப்-மீட்டர். வாரியம் வைத்த கட்டணம் ஒன்று, வீட்டுக்காரர் வாங்குவது வேறு. இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் இந்தக் கதவுகள் பலவற்றுக்கு வந்து சேருவதில்லை. இதை நல்ல வருமானம் தரும் சொத்து என்று சொல்லி விற்கிறார்கள். அந்த விளம்பரத்தை நம்பி வாங்குவோர் இதைத் தெரிந்துதான் வாங்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும், வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. வெள்ளையடிப்பதும் வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்பதுவரை அதன் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாதம் கேட்கும் பழக்கம் அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறது. அதைக் கைவிட இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் போதும், புதுச் சட்டம் தேவையில்லை. குடியிருப்பவரும் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்யும் வழக்கத்தை விடவேண்டும்.

ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் ஆலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி மின்னணு ஆலைப் பெண்கள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தோழிகள் மருத்துவமனையில் சேர்ந்ததும் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியை அரசு திறந்தது. நல்ல முன்மாதிரிதான். அடுத்த தொழில் நகரத்தில் விடுதியும் ஆலையும் ஒரே நாளில் திறக்கட்டும்.

வாங்குபவர் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்கிற அன்றைக்கே, அந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிநீர் வருகிறது, பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது என்று மாநகராட்சியிடம் எழுதிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த வார்டு கவுன்சிலருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.