ஓர் அலைவரிசையில் இரு மொழிகள்

கனடாவின் முதலாவது பொதுத் தொலைக்காட்சி நிலையம் 1952 செப்டெம்பர் 6ஆம் திகதி எமது மொன்றியால் மாநகரிலேயே ஒளிபரப்பைத் தொடங்கியது. செய்தி, நாடகம், சிறுவர் நிகழ்ச்சி, ஹொக்கி என விரிந்த அந்த ஒரே அலைவரிசையைப் பிரெஞ்சும் ஆங்கிலமும் பகிர்ந்துகொண்டன. 1954 ஜனவரியிலேயே ஆங்கிலத்திற்குத் தனி நிலையம் அமைந்தது.

1982இல் தொடங்கிய ரூபவாகினியில் தமிழுக்குக் கிடைத்த சொற்ப நேரத்திற்காகக் காத்திருந்தவர்கள் நாம். இன்று தமிழ் அலைவரிசைகள் பல இருந்தும், பெற்றோர் ஓர் அறையிலும் பிள்ளைகள் இன்னோர் அறையிலுமாகப் பிரிந்திருக்கின்றோம். கட்டணம் செலுத்திப் பெறும் அலைவரிசை மட்டும் பிள்ளைக்குத் தமிழைத் தந்துவிடாது.

சென்ட் லோரன்ட் வாழ் பெற்றோரே, பிள்ளை விரும்பும் பிரெஞ்சு நிகழ்ச்சியை அருகிருந்து பார்ப்போம். முடிந்ததும் அதன் கதையைத் தமிழிற் சொல்லக் கேட்போம். இரு மொழிகள் ஓர் அலைவரிசையில் வாழ்ந்த நகரில், எம் இல்லங்களிலும் அவ்வாறே வாழட்டும்.