உளிக்கு ஏது குலம்?

தச்சுவேலை என்று பேச்செடுத்தாலே சிலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. வாச்சியும் இழைப்புளியும் தெய்வீகமாம். ரூட்டரும் சி.என்.சி. எந்திரமும் வந்து மரபைக் கெடுத்துவிட்டனவாம். 'அது அவங்க ரத்தத்துலயே ஊறினது சார்' என்று முடிப்பார்கள். அப்படி முடிப்பவர் வீட்டுப் பிள்ளை மட்டும் பொறியியல் படிக்கும்.

ரத்தத்தில் என்ன ஊறியிருக்கிறது? மரத்தின் நார் போகும் போக்கிலேயே இழைக்க வேண்டும், எதிர்த்து இழைத்தால் சிம்பு கிளம்பும். உளியைத் தீட்டும்போது சாய்வு 25 முதல் 30 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சட்டத்தின் முனையைச் செதுக்கித் துளையில் இறக்கினால் ஆணியில்லாமல் பிடித்து நிற்க வேண்டும். நூறு சட்டத்தைக் கெடுத்துத்தான் இதெல்லாம் கைவரும். எந்தத் தெருவில் பிறந்த கைக்கும் வரும்.

மரபு தச்சரை எப்படி வைத்திருந்தது? கொங்குப் பகுதியின் இடைக்காலக் கல்வெட்டுகள் கம்மாளருக்குச் சில 'உரிமைகள்' வழங்குகின்றன. வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், இரட்டைச் சங்கு ஊதலாம். ஊருக்கெல்லாம் கோயிலும் தேரும் செய்து கொடுத்தவர் தன் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது! அந்தப் பட்டறைக் கதவும் சேரிப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்துக்கு வருவோம். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கியது. 13,000 கோடி ரூபாய், 18 தொழில்கள்: தச்சர், கொல்லர், குயவர், முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர், செருப்புத் தைப்போர் என்று நீளும் பட்டியல். குரு-சிஷ்ய பரம்பரையையும் குடும்பவழித் தொழிலையும் வலுப்படுத்துவதே நோக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். 18 வயது ஆனால் போதும். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் அப்பனின் உளி! 1953-ல் ராஜாஜி பள்ளியைப் பாதி நாளாக்கி, மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று அழைத்துப் போராடினார். மறு ஆண்டே திட்டமும் போனது, ராஜாஜியின் பதவியும் போனது.

கருவி வாங்க விஸ்வகர்மாவில் 15,000 ரூபாய். துளைபோடும் எந்திரமும் கையில் பிடிக்கும் இழைப்பு எந்திரமும் வாங்கலாம். சி.என்.சி.யின் விலையோ லட்சங்களில். அதை முதல் போடுகிறவர் வாங்குவார். தச்சர் அங்கே போய் நாள்கூலிக்கு நிற்பார், மரத்தூளைச் சுவாசித்துக்கொண்டு. மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. ஆக, எந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. அது யார் கையில் என்பதே கேள்வி.

தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை இப்படியே ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல், 35 வயதுக்கு மேற்பட்டோருக்கு 25 தொழில்களில் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது சரிதான். ஆனால் கடனோடு நின்றுவிடக் கூடாது. ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவுகளில் தூசி உறிஞ்சியோடு சி.என்.சி.யை வையுங்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளையும் பெண்களையும் உதவித்தொகை கொடுத்துச் சேருங்கள். தச்சர் வீட்டுப் பெண் மருத்துவம் படிக்கட்டும், அருந்ததியர் வீட்டுப் பையன் விரும்பினால் தேக்கில் யாளி செதுக்கட்டும்.