வெற்றி இரவும் மறுநாள் மடலும்

2020 நவம்பர் 7. கொரோனா பரவிக்கொண்டிருந்த வேளை. அமெரிக்காவின் நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழக அணி, முதலிடத்திலிருந்த கிளெம்சனை அமெரிக்கக் கால்பந்தில் (நாம் ஆடும் கால்பந்து அல்ல) 47-40 என வென்றது. 77,000 பேர் அமரும் அரங்கில் சுமார் 11,000 பேருக்கே அனுமதி, பெரும்பாலோர் மாணவர்கள். ஆட்டம் முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்து கட்டித் தழுவிக்கொண்டனர்.

மறுநாள் பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை ஜான் ஜென்கின்ஸ் மடல் அனுப்பினார்: ஊர் திரும்புமுன் பரிசோதனை கட்டாயம், தவறினால் அடுத்த பருவப் பதிவு நிறுத்தப்படும். மாணவர்கள் கொதித்தனர். செப்டம்பரில் வெள்ளை மாளிகை நிகழ்ச்சியில் முகக்கவசமின்றிக் கைகுலுக்கி, பின்பு தொற்றுக்கும் ஆளானவர் அவர். அதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தார்.

ஆணை சரியானதே, வீடுகளில் தாத்தா பாட்டிகள் காத்திருந்தார்கள். ஆனால் இத்தனை இளைஞரை உள்ளே அமர்த்திவிட்டு, வெற்றி வந்தால் அசையாமல் இருப்பார்கள் என்று நம்பியது நிர்வாகம்தானே!