ஏடு அழியவில்லை

பழைய கம்ப்யூட்டரை விற்கப் புறப்படும் அன்பர்கள், அதிலிருந்த கடிதங்களையும் கணக்குகளையும் 'அழித்துவிட்டோம்' என்று நிம்மதி கொள்கிறார்கள். உண்மையில் அழிந்தது பொருளடக்கம் மாத்திரமே. ஏடுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றின்மீது வேறு எழுத்து ஏறும் வரையில் விஷயமறிந்தவன் படித்துவிடலாம்.

இது வீண் பயமன்று. அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்களான ஸிம்ஸன் கார்பிங்கல், அபி ஷெலாட் இருவரும் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003-ல் முடிவைப் பிரசுரித்தார்கள். வேலை செய்தவை 129; முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை பன்னிரண்டே! ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் அகப்பட்டன. அவற்றில் ஒரு டிஸ்க், பாங்கியின் பணம் வழங்கும் யந்திரத்திலிருந்து வந்ததாகத் தெரிந்தது. பணத்தைக் காப்பவர்களே இப்படியென்றால், குடும்பஸ்தரை என்ன சொல்வது?

சுழலும் டிஸ்க்காயின் முழுவதையும் ஒரு தடவை பூஜ்யத்தால் நிரப்பினாலே பெரும்பாலும் போதும். இப்போது பரவியிருக்கும் எஸ்.எஸ்.டி.யோ, புதிதாக எழுதுவதை வேறிடத்தில் வைத்துப் பழையதை மூலையில் விட்டுவைக்கக்கூடியது. அதற்குத் தயாரிப்பாளர் அமைத்த அழிப்புக் கட்டளையைக் கையாள வேண்டும். வாங்கிய நாளிலேயே அனைத்தையும் சங்கேத எழுத்தாக்கி, விற்கும்போது அதன் திறவுகோலை அழிப்பதும் நல்ல வழி.

'நாங்களே துடைத்துக்கொள்கிறோம்' என்கிறார் கடைக்காரர். அவர் நாணயத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் விற்கும் அன்பரும் உண்டு. விலை குறைந்தாலும், நாம் அவர் கட்சியே.