மூணாவது ஆல்டர்னேட்டருமா?

மக்களே, ஃபோர் வீல் டிரைவ் வண்டியில ஆல்டர்னேட்டர் மூணு தடவை செத்தா, கொலைகாரன் வேற எங்கேயோ இருக்கான்னு அர்த்தம். ஒரகடத்துல கார், லாரி, புல்லட் எல்லாம் தயாராகுது. ஆல்டர்னேட்டர் செய்யற லூகாஸ் டிவிஎஸ் (1961-ல ஆரம்பிச்சது) சென்னை பாடியிலதான் இருக்கு. ஆனா ரோட்டோர ஒர்க்‌ஷாப்புல மீட்டரைத் தொடாமலே "மாத்திடலாம் சார்" தான்!

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில பொதுவா 13.8 - 14.5 வோல்ட் வரணும். லைட், ஏசி போட்டுட்டு ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல அளங்க, 0.2-க்கு மேலன்னா எர்த் கோளாறு. செத்த பேட்டரிக்கு உழைச்சே சூடாகி டையோடு போகும். தண்ணியில இறக்கின வண்டின்னா சேறு புகுந்து பிரஷ், பேரிங் தேயும். டூருக்கு மாட்டின ஃபிரிட்ஜ், எக்ஸ்ட்ரா லைட் எத்தனை ஆம்பியர்? யார் கேக்கறா?

நான் பி.காம். எனக்குத் தெரிஞ்சது பில்லுதான். அதுல பார்ட் விலை இருக்கு, லேபர் இருக்கு. வோல்ட் ரீடிங் எங்கய்யா?