கிளிப் வலி நடிப்பு இல்லை!

பல்லுக்குக் கிளிப் போட்ட பெண், "வலிக்குதும்மா" என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் பதில் என்ன? "அழகுக்குத்தானே போட்டே, பொறுத்துக்கோ!" சில அம்மாக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "இதுக்கே இப்படின்னா நாளைக்குப் பிள்ளை எப்படிப் பெறுவே?" என்பார்கள். இந்தப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் கும்மிடிப்பூண்டி பக்கம் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள், சொந்தச் சம்பளத்தில் மாதாமாதம் கட்டிக் கிளிப் போட்டுக்கொள்கிறார்கள். எத்துப்பல்லைக் காரணம் சொல்லி வரன் தட்டிப்போகும் கொடுமை இன்னும் இருக்கிறதே! (அதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.) ஞாயிறு லீவில் டாக்டரிடம் போய்க் கம்பியை டைட் பண்ணிக்கொண்டு, திங்கள் காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ் ஏறுவார்கள். கேன்டீன் சப்பாத்தியை மெல்ல முடியாமல் வெறும் டீயோடு 8 மணி நேரம் நிற்பார்கள்.

நம் பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே நார் போல மெல்லிய சவ்வு இருக்கிறது. கம்பி இழுக்கும்போது அது ஒரு பக்கம் நசுங்குகிறது. ரத்த ஓட்டம் குறைந்து, புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருட்கள் சுரந்து, அங்கே அழற்சி உண்டாகிறது. அதனால்தான் நசுங்கிய பக்கத்து எலும்பு கரைந்து, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்ந்து, பல் நகர்கிறது. வலி அந்த வேலையோடு கூடவே வருவது. டைட் பண்ணிய சில மணி நேரத்தில் ஆரம்பித்து, மறுநாள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் 1 வாரத்துக்குள் அடங்கிவிடும். பல், தாடை, நெற்றிப்பொட்டு எல்லாவற்றின் உணர்ச்சியும் ஒரே நரம்பின் 3 கிளைகள் வழியாகப் போவதால், காது வரைக்கும் இழுக்கும். "பல்லுக்குப் போட்டா தலை எப்படிடி வலிக்கும்?" என்று கேட்காதீர்கள்.

மறுநாள்தான் உச்சம் என்பதால், ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமை சாயங்காலம் டாக்டரைப் பார்த்தால் அந்த மோசமான நாள் வீட்டிலேயே கழியும். குழைந்த சாதம், இட்லி, கூழ் எதுவானாலும் சரி, அந்த 2 நாள் அவள் டப்பாவில் இருக்கட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையில் மட்டும் ஜாக்கிரதை. ஐபுபுரோபன் வகை மாத்திரைகள் அந்த அழற்சியையே அடக்குபவை. தொடர்ந்து கொடுத்தபோது பல் நகர்வது மெதுவாகிறது என்று விலங்குகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் வயிறும் கெடும். பாரசிட்டமாலைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். அதையும் டாக்டரிடம் அளவு கேட்டே போட வேண்டும்.

ஈறு வீங்கி ரத்தம் கசிவது வேறு விஷயம். கம்பியில் தங்கும் சோற்றுப் பருக்கையால் வருவது அது. பிரஷ் பண்ணினால்தான் போகும்.

ஆனால் மரத்துப் போவதை மட்டும் வலியோடு சேர்த்துவிடாதீர்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "கீழுதடும் தாடையும் ஊசி போட்ட மாதிரி மரத்திருக்கு ஆன்ட்டி" என்றாள். வீட்டில் சொன்னதற்கு, "எல்லாம் கிளிப் வலிதான்" என்று சொல்லிவிட்டார்களாம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு, கடைவாய்ப்பல் வேருக்கு மிக நெருக்கமாகச் சிலருக்கு அமைந்திருக்கும். பல் நகரும்போது அதில் அழுத்தம் விழலாம். அபூர்வம்தான், ஆனால் காத்திருக்கக் கூடாதது. எக்ஸ்ரே எடுத்து, அந்தப் பல்லில் கம்பியின் இழுப்பை டாக்டர் தளர்த்தினார். சில வாரங்களில் உணர்ச்சி திரும்பியது. அவள் வாயை மூடிக்கொண்டு பொறுத்திருந்தால்?

செலவுக்குப் பயந்து, "ஆறே மாசத்துல முடிச்சுத் தர்றோம்" என்ற போர்டைப் பார்த்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணமாக இந்தச் சிகிச்சைக்கு ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். கல்யாணத் தேதிக்காக அவசரப்பட்டு அதிகமாக இழுத்தால் பல் வேரே கரையும். நம் ஊரிலிருந்து லோக்கல் ரயிலில் சென்ட்ரல் போனால், பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல் சீரமைப்புக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு.

பல் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிளிப் போடும் அன்றே, எந்த வலி எத்தனை நாள் இருக்கும், எது வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று தமிழில் ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுங்கள். அதைப் பெண்ணிடம் மட்டும் கொடுக்காமல், கூட வரும் அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள்.

— ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி